ஆட்சேபணை ஐயாவும் அசையாத பெஞ்சுகளும்

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் போதகர் அவர்களே! மேடையை அலங்கரிக்கும் ஆலயப் பாதுகாப்புக் குழுப் பெரியோர்களே! மேடையில் நாற்காலி கிடைக்காததால் கீழே அமர்ந்திருக்கும், அவர்களுக்குச் சற்றும் குறையாத பெரியோர்களே! நாளைக் காலை இந்த ஆலயத்தை ஆய்வு செய்ய வேண்டியவர், இன்று மாலையே எங்கள் துக்கத்தில் பங்கெடுக்க வந்திருக்கும் மரபுக் கட்டிடத் துறை அலுவலர் ஐயா அவர்களே! வாசலை ஒட்டி நின்றுகொண்டே கேட்கும் அண்ணன்மார்களே, அக்காமார்களே! உங்கள் அனைவருக்கும் கனத்த நெஞ்சோடு என் வணக்கம்.

போதகர் எனக்கு அப்பா. இங்கே அப்பா என்று கூப்பிட்டால் சலுகை கேட்கிறேன் என்பார்கள். ஆகவே போதகர் என்றே சொல்கிறேன். இளைஞர் பிரதிநிதி என்ற முறையில் இரங்கல் உரை ஆற்றும்படி என்னை மேடையேற்றினார்கள். ஏறிய நிமிடத்திலிருந்து போதகர் கண்ணாலேயே ‘இறங்கு, இறங்கு’ என்கிறார். இரங்கலுக்கும் இறங்கலுக்கும் நடுவே கிடைத்த இந்தக் கொஞ்ச நேரத்தில், மறைந்த மாமனிதர், தொழிலாளர் வழக்கறிஞர், நம் பாதுகாப்புக் குழுவின் தலைவர், நம் எல்லோருடைய ஆட்சேபணை ஐயாவைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறேன்.

ஆட்சேபணை ஐயா! அந்தப் பெயரை யார் வைத்தார்கள் என்று கேட்காதீர்கள். சந்தேகத்தின் பலனை எனக்கு அளித்துவிடுங்கள். ஆனால் அந்தப் பெயர் அவருக்குப் பொருந்தியதுபோல அவருடைய கறுப்புக் கோட்டுகூடப் பொருந்தியதில்லை. கோட்டு தோளில் தொங்கும். பெயர் நாக்கிலேயே நிற்கும். நடைபாதையில் வண்டியை ஏற்றி நிறுத்தினால் ஆட்சேபணை. டீக்கடையில் டம்ளரைக் கழுவாமல் கொடுத்தால் ஆட்சேபணை. அவ்வளவு ஏன், ஆராதனை நடுவில், இதே இடத்தில், எங்கள் போதகர் வாயைத் திறந்து பிரசங்கித்துக்கொண்டிருந்தபோது, கடைசி வரிசையிலிருந்து எழுந்தவர் அவர்!

அன்றைக்குப் பொறுமையைப் பற்றிய பிரசங்கம். ஏழைகள் பொறுமையாக இருக்க வேண்டும் என்று போதகர் உருகி உருகிச் சொல்லிக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து ஒரு குரல்.

“ஆட்சேபணை!”

ஆலயமே திரும்பிப் பார்த்தது. போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். “என்ன ஆட்சேபணை, ஐயா?”

“பசிச்சவங்களக் கூப்பிட்டு வச்சிப் பொறுமையா இருன்னு சொல்றீங்க, பாஸ்டர். அவங்க அதத்தானே காலம்பூரா பண்ணிட்டு இருக்காங்க? பசிக்காதவங்க வெளிய கார நிறுத்திட்டு நிக்கிறாங்க. அவங்ககிட்டப் போயி ஒரு வார்த்த சொல்லிட்டு வாங்க. அதுவரைக்கும் நாங்க பொறுமையா இருக்கோம்.”

போதகர் என்ன செய்தார் தெரியுமா? கோபித்துக்கொள்ளவில்லை. “ஆட்சேபணை ஏற்கப்படுகிறது” என்றார். பிரசங்கத்தை அங்கேயே முடித்தார். ஆராதனை அவ்வளவு சீக்கிரம் முடிந்த அந்த நாளிலிருந்து, இந்த நகரத்துப் பிள்ளைகள் அனைவரும் ஐயாவின் ரசிகர்கள் ஆனோம்.

அவர் விசுவாசியா? இல்லை! ஒளித்துப் பேச வேண்டியதில்லை, அவரே ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். “கடவுள் இருக்காரா இல்லையாங்கறது நிலுவையில இருக்கிற வழக்கு. நிலுவையில இருக்கிற வழக்கப் பத்தி நான் வெளிய பேசறதில்ல.” விசுவாசம் இல்லாத மனிதர் ஏன் வாழ்நாள் முழுக்க ஒரு ஆலயத்தைக் காப்பாற்றப் போராடினார்? அதைச் சொல்வதற்கு முன், இந்த ஆலயத்துக்கு என்றே உள்ள ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். சபையாருக்குத் தெரியும். வெளியிலிருந்து வந்த விருந்தினர்களுக்காகச் சொல்கிறேன்.

இந்த ஆலயத்தைக் கட்டியவர்கள், பக்கத்துத் தெருவில் இருந்த ஆலையின் முதலாளிகள். முன் வரிசை பெஞ்சுகள் அவர்களுக்கு. நடு வரிசைகள் கணக்குப்பிள்ளைகளுக்கும் மேலாளர்களுக்கும். ஆலையில் வேலை செய்தவர்கள் கடைசியில். இடம் போதவில்லை என்றால் வெளியே. இடம் எப்போதும் போதாது! அப்படி இருக்கையில் ஒருநாள் ஆலையின் கதவு பூட்டப்பட்டது. கூலி கேட்டவர்கள் குடியிருந்த அறைகளிலிருந்தும் துரத்தப்பட்டார்கள். பிள்ளைகுட்டிகளோடு, பாத்திரம் பண்டங்களோடு இங்கே வந்து சேர்ந்தார்கள். அன்றைக்கு இருந்த போதகர் அவர்களை முன்னால் வரச் சொன்னார். முன்னால் இருந்தவர்கள் நகரவில்லை. ‘எங்கள் இடம்’ என்றார்கள்.

அந்தப் போதகர் சண்டை போடவில்லை. பிரசங்க மேடையைத் தள்ளிக்கொண்டு போய் வாசல் பக்கம் வைத்தார். வாசலைப் பார்த்து பெஞ்சுகளைத் திருப்பச் சொன்னார். அவ்வளவுதான்! கடைசி வரிசை முதல் வரிசையானது. ‘எங்கள் இடம்’ என்றவர்கள் அதே இடத்தில்தான் இருந்தார்கள். ஆனால் அது இப்போது கடைசி!

அன்றிலிருந்து ஒவ்வொரு மாதமும் பெஞ்சுகள் திரும்பும். பிரசங்க மேடைக்குச் சக்கரம் வைத்தார்கள். உலகத்திலேயே பிரேக் போட்டுப் பிரசங்கம் செய்ய வேண்டிய ஒரே ஆலயம் நம்முடையதாகத்தான் இருக்கும். மற்ற ஆலயங்களில் மனந்திரும்புங்கள் என்பார்கள். இங்கே மனம் மெல்ல வரட்டும், முதலில் பெஞ்சு திரும்பட்டும் என்பார்கள். இரவானால் அந்த பெஞ்சுகளுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. ஒரு பெஞ்சைத் திருப்பி இன்னொன்றுக்கு எதிரே ஒட்டிப் போட்டால், இரண்டு பக்கமும் சாய்மானம் எழும்பிய ஒரு கட்டில். உருண்டு விழ முடியாது. காற்றும் அடிக்காது. வீடில்லாத எத்தனையோ பேர் அந்தக் கட்டில்களில் தூங்கி எழுந்து வேலைக்குப் போயிருக்கிறார்கள்.

சரி, ஐயா இங்கே வந்த கதைக்கு வருகிறேன்.

அவர் முதன்முதலில் இந்த ஆலயத்துக்குள் வந்தது தொழிலாளர்களுக்காக அல்ல. முதலாளிகளுக்காக! ஆமாம், திகைக்காதீர்கள். அப்போது அவர் புதிதாகக் கோட்டு மாட்டிய இளம் வழக்கறிஞர். மறுபடி திறந்த ஆலையில் இன்னொரு வேலைநிறுத்தம். இங்கே தங்கியிருந்த குடும்பங்களை வெளியேற்றும் நீதிமன்ற உத்தரவைப் பையில் வைத்துக்கொண்டு வந்தார். ஆராதனை முடிந்ததும் எழுந்து படித்துவிடலாம் என்று முதல் வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அன்று பெஞ்சு திருப்பும் நாள் என்பது பாவம், அவருக்குத் தெரியாது.

அவரே சொல்லக் கேட்டிருக்கிறேன். “திடுதிப்புன்னு எல்லாரும் எழுந்திரிச்சாங்க. நானும் எழுந்திரிச்சேன். பெஞ்சத் தூக்க ஆள் வேணும்னு ஒரு அம்மா அவங்க கைக்குழந்தைய எங்கிட்டக் குடுத்துட்டு, ‘செத்த நேரம் புடிங்க தம்பி’ன்னு போயிட்டாங்க. பெஞ்சு திரும்பிடிச்சு. உக்காந்து பாத்தா எனக்கு முன்னால ஒரே முதுகு. அந்த அம்மா எங்கயோ முன்னாடி. குழந்த எம் மடியில. கைல குழந்தைய வச்சுக்கிட்டு வீட்டக் காலி பண்ணுன்னு எப்படிப் படிக்கிறது, சொல்லு?”

“படிச்சீங்களா, இல்லையா?” என்றேன்.

“எங்க படிக்கிறது? அந்தப் பய பையோட சேத்து உத்தரவ நனச்சுட்டான். நீதிமன்ற அவமதிப்பு! அந்த வயசுலயே!”

உத்தரவை அவர் படிக்கவில்லை. மறுநாள் முதலாளிகளின் வழக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, இதே குடும்பங்களுக்காக வாதாட வந்தார். பிறகு போகவே இல்லை. அவரை அன்று நனைத்த அந்தக் குழந்தை யார் தெரியுமா? இதோ மேடையில், கைக்குட்டையால் முகத்தை மறைத்துக்கொண்டிருக்கிறாரே, நம் தச்சர் மாமா! மாமா, மறைக்க வேண்டியதில்லை. இந்த நகரத்தில் எழுதப்பட்ட எந்த மேல்முறையீட்டையும்விட உங்கள் வாதம் வலுவானது.

சிரித்துவிட்டீர்கள். சிரியுங்கள். இனிமேல் நான் சொல்லப்போவதில் சிரிக்க அதிகம் இல்லை.

நம்மைச் சுற்றி இருந்த ஆலை போனது. அது இருந்த இடத்தில் கண்ணாடிக் கட்டிடங்கள் எழும்பின. மணிக்கூண்டில் விரிசல் விழுந்தது. மழை பெய்தால் பீடத்தின் மேல் சொட்டியது. ஆபத்தான கட்டிடம், இடித்துவிடுங்கள் என்று அறிவிப்பை வாசலில் ஒட்டினார்கள். இடம் காலியாகும் என்று எதிரில் சிலர் நாவில் எச்சில் ஊறக் காத்திருந்தார்கள். இடிப்பதைத் தடுக்க ஒரே வழிதான் இருந்தது. இதை மரபுக் கட்டிடமாக அறிவிக்க வைக்க வேண்டும். அறிவித்தால் கூண்டையும் கூரையையும் அரசே சீர்செய்யும். யாரும் தொட முடியாது.

அந்தப் போராட்டத்தை யார் நடத்தினார்? எந்த அலுவலகத்தின் படிக்கட்டில் அவர் ஏறாமல் இருந்தார்? எந்த நாற்காலியில் காக்க வைக்கப்படாமல் இருந்தார்? ‘நாளைக்கு வாங்க’ என்று சொன்ன எந்த எழுத்தருக்கு, ‘நாளைக்குன்னா எந்த நாளைக்கு?’ என்று அவர் பதில் கேட்காமல் வந்தார்? நம்பிக்கை வைத்த நாம் வீட்டில் ஜெபித்துக்கொண்டிருந்தோம். நம்பிக்கை இல்லாத அவர் வெயிலில் நடந்துகொண்டிருந்தார்!

அப்படி நடந்துகொண்டிருந்தவர்தான் ஒருநாள் நீதிமன்ற வராந்தாவில் விழுந்தார். பக்கவாதம். மருத்துவமனையில் போய்ப் பார்த்தேன். ஒரு பக்க வாய் இறங்கிப் போயிருந்தது. என்னைக் கண்டதும் எதையோ குழறினார். தாதிக்குப் புரியவில்லை. கூட இருந்த போதகருக்கும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. அவருடைய குரலில் பேசிக் காட்டியே நான் பள்ளியில் பெயர் வாங்கியவள். எந்த வார்த்தையில் இழுப்பார், எங்கே மூச்சு வாங்குவார் என்று எனக்கு அத்துப்படி.

“என்னடி சொல்றாரு?” என்றார் போதகர்.

“எதிர்வாதம் பாத்தாச்சு, பிடிவாதம் பாத்தாச்சு, பாக்கி இருந்தது இதுதானாம். வாதாடுறவனுக்கு வாதம் வராம வேற யாருக்கு வரும்னு கேக்குறாரு.”

ஐயா பாதி வாயால் சிரித்தார். போதகர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஐயா படுக்கையில் கிடந்த அந்த வாரங்களில்தான் இங்கே அந்த வேலை நடந்தது. துறையிலிருந்து முன்னாய்வுக்கு வந்தவர்கள் சுற்றிப் பார்த்தார்கள். எல்லாம் பிடித்திருந்தது. ஒன்றுதான் பிடிக்கவில்லை. பெஞ்சுகளை இழுத்து இழுத்துத் தரைக்கல் தேய்ந்திருக்கிறது, பெஞ்சுகள் ஆலயத்தைக் கட்டியபோது இருந்த அமைப்பில் நிலையாக இருக்க வேண்டும் என்றார்கள். அவ்வளவுதானே என்று நினைத்தோம். குழு கூடியது. யாரும் மறுக்கவில்லை. நானும் அங்கேதான் இருந்தேன், எல்லோரையும்போலக் கையைத் தூக்கினேன். ஆலயம் பிழைக்கிறது, பெஞ்சு அசையாவிட்டால் என்ன குடி முழுகிவிடும்? தச்சர் மாமா பெஞ்சுக் கால்களில் இரும்புப் பட்டை வைத்து, கல்லைத் துளைத்து, போல்ட்டு போட்டு முடுக்கினார். நடு வழியில் கயிறு கட்டினோம். பார்க்க அழகாகத்தான் இருந்தது. அருங்காட்சியகம்போல இருந்தது.

உலகத்தில் வேறு எந்தச் சபையும் இந்தத் தவறைச் செய்திருக்க முடியாது. வேறு எந்தச் சபைக்கும் கழற்றிப் போட இப்படி ஒரு வழக்கம் இல்லையே!

ஐயாவைச் சக்கர நாற்காலியில் அழைத்து வந்தோம். ஆச்சரியப்படுத்தலாம் என்று ஆசை. விளக்கெல்லாம் போட்டு வைத்திருந்தோம். அவர் கூரையைப் பார்க்கவில்லை. மணிக்கூண்டைக் கேட்கவில்லை. முன்னால் இருந்த பெஞ்சின் மேல் கையை வைத்து, அசைத்துப் பார்த்தார். அசையவில்லை. இன்னொரு தடவை அசைத்தார். பிறகு தச்சர் மாமாவைப் பார்த்து ஏதோ சொன்னார். மாமா என்னைப் பார்த்தார். நான் சொல்ல மாட்டேன் என்று தலையாட்டினேன். ஐயா விடவில்லை. சொல்லு என்று என் கையைத் தட்டினார்.

அவருடைய குரலிலேயே சொன்னேன். “டேய், கைக்குழந்தையா இருந்தப்ப நீ பண்ணினதுல பாதி நல்லதுகூட இன்னைக்கிப் பண்ணலயேடா.”

யாரும் சிரிக்கவில்லை. மாமா போய் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டார்.

அதன் பிறகு ஐயா ஒரே ஒரு கேள்வி கேட்டார். “இங்க தூங்குனவங்கல்லாம் இப்ப எங்க படுக்குறாங்க?”

வாசல் பக்கம் நின்ற மூட்டை அண்ணன்தான் சொன்னார். சந்தையில் சுமை தூக்குகிறவர். பல வருடங்களாக இங்கேயே தூங்கி எழுகிறவர். “தரையிலதான், வக்கீலய்யா. ஒத்த பெஞ்சுல படுத்தா உருண்டு விழுந்துடுறோம். அதொண்ணும் பரவால்ல. கல்லு கொஞ்சம் குளிருது, அவ்ளோதான். சர்ச்சு நின்னாப் போதும், நாங்க எங்கயாச்சும் படுத்துக்குவோம்.”

சொல்லிவிட்டு இருமினார். நிற்காத இருமல். இங்கே படுத்தவர்களில் பாதிப் பேர் பேருந்து நிலையத்துக்குப் போய்விட்டார்கள் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. அவர்கள் போனது எங்களில் யாருக்குமே தெரியவில்லை! ஆலயத்தைக் காப்பாற்றுவதில் அவ்வளவு மும்முரமாக இருந்தோம்.

அடுத்து நடந்த விசாரணைக்கு அலுவலர் ஐயாவே சாட்சி. அவருடைய அறைக்கு ஐயாவைத் தள்ளிக்கொண்டு போனோம். ஐயா பேசப் பேச நான் திருப்பிச் சொன்னேன். தவறாக ஏதாவது சொல்லியிருந்தால் அலுவலர் ஐயா இப்போது திருத்தலாம்.

“அசல் அமைப்புல வைக்கணும்னு விதி இருக்கு, ஐயா” என்றார் அலுவலர்.

“அசல் அமைப்புல இந்த ஜனம் வெளிய நின்னுச்சு. அதையும் மீட்டுக் குடுக்கச் சொல்றீங்களா?”

அலுவலர் பேனாவை மூடினார். திறந்தார். “நீங்க சொல்றது எனக்குப் புரியுது. ஆனா எனக்கு இருக்கிற அதிகாரம் கல்லுக்கும் மரத்துக்கும்தான். பெஞ்சு நிலையா இருந்தா நான் கையெழுத்துப் போடலாம். இல்லன்னா மேல அனுப்பணும். மேல என்ன சொல்வாங்கன்னு என்னால உறுதி குடுக்க முடியாது. இடிக்கிற அறிவிப்பு மறுபடி உயிர் பெற்றாலும் பெறலாம்.”

“தரை தேஞ்சு போச்சுங்கறீங்களே, அந்தத் தேய்மானத்தத்தான் நான் காப்பாத்தச் சொல்றேன். மத்ததெல்லாம் செங்கல்லு.”

அலுவலர் ஐயா கெட்டவர் அல்ல. இன்று வந்து உட்கார்ந்திருப்பதே அதற்குச் சாட்சி. அன்று எங்களுக்குத் தண்ணீர் வரவழைத்துக் கொடுத்தார், ஐயா குடிக்கச் சிரமப்பட்டபோது டம்ளரைத் தானே பிடித்துக்கொண்டார். ஆனாலும் விதி மாறவில்லை. குழு மறுபடி கூடியது. போல்ட்டைக் கழற்றுவதா வேண்டாமா என்று பேசிப் பேசி, கடைசியில் என்ன முடிவெடுத்தோம்? எடுக்கவில்லை! ஐயாவுக்கு உடம்பு தேறட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று ஒத்திவைத்தோம். வாழ்நாளெல்லாம் ஒத்திவைப்புக்கு எதிராகச் சண்டை போட்ட மனிதரை, நாமே ஒத்திவைத்தோம்!

ஐயாவுக்கு உடம்பு தேறவில்லை.

கடைசியாக என்ன சொன்னார் என்று எல்லோரும் என்னைக் கேட்கிறார்கள். பெரிய மனிதர்கள் சாகும்போது பெரிதாக ஏதாவது சொல்லிவிட்டுப் போவார்கள் என்று ஒரு நம்பிக்கை. என்னிடம் அவர் கடைசியாகச் சொன்னது, “அந்த ஜன்னலச் சாத்து, காத்து அடிக்குது.” சாத்தினேன். அவ்வளவுதான். அதில் தத்துவம் தேடாதீர்கள். அவருக்குக் குளிர்ந்தது.

ஆனால் அடக்க ஆராதனை அன்று நடந்ததை நான் சொல்லாமல் இறங்க முடியாது. நீங்கள் எல்லோரும் இருந்தீர்கள். அவருடைய பெட்டியை அதோ அங்கே, பீடத்தின் முன்னால் வைத்தோம். முதல் வரிசையில் நீதிபதிகள். அடுத்து வழக்கறிஞர்கள். அடுத்து நகரத்தின் முக்கியஸ்தர்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை, கண்ணீரோடுதான் வந்தார்கள். ஆனால் மூட்டை அண்ணன் எங்கே இருந்தார்? ஆலைக் குடும்பங்களில் மிச்சம் இருக்கும் தாத்தாக்கள் எங்கே இருந்தார்கள்? பேருந்து நிலையத்திலிருந்து கேள்விப்பட்டு ஓடி வந்தவர்கள் எங்கே இருந்தார்கள்? வாசலில்! வாசலுக்கு வெளியே! கடைசி வரிசை நிரம்பியதும் மிச்சம் இருந்தவர்கள் படியில் நின்றார்கள். அசல் அமைப்பு திரும்பக் கிடைத்துவிட்டது! அவருடைய சாவிலேயே கிடைத்துவிட்டது!

மூட்டை அண்ணன் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். “முன்னால வாங்கண்ணே” என்று கூப்பிட்டேன்.

“எங்க பாப்பா வர்றது? பெரியவங்க உக்காந்திருக்காங்க. இங்கேருந்தே தெரியுது” என்றார்.

தெரியவில்லை. அங்கிருந்து பெட்டி தெரியாது. தூண் மறைக்கும். அவர் ஐயாவின் முகத்தைப் பார்க்கவே இல்லை. பெட்டியை மூடிவிட்டோம்.

அன்று எத்தனையோ பேர் புகழ்ந்து பேசினார்கள். ஒருவர் அவரைச் சிங்கம் என்றார். ஒருவர் ஆலமரம் என்றார். நான் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்திருப்பார், எழுந்து அந்த ஒரு வார்த்தையைச் சொல்வார் என்று பைத்தியம்போலக் காத்திருந்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக, அவர் கண் முன்னால் ஒரு அநியாயம் நடந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. அப்போதுதான் அவர் செத்துவிட்டார் என்பது எனக்கு உறைத்தது.

பெரியோர்களே! இரங்கல் கூட்டத்தின் முடிவில் உறுதி எடுப்பது வழக்கம். அவர் விட்டுச் சென்ற பணியைத் தொடர்வோம் என்போம். கைதட்டுவோம். டீ குடிப்போம். வீட்டுக்குப் போவோம். அந்தப் பணி என்ன என்று கேட்டால் என்ன சொல்வோம்? இந்தக் கட்டிடமா? கட்டிடத்தை நேசித்தவர்தான். மணிக்கூண்டில் ஒரு கல் விழுந்தால் அவருக்குத் தூக்கம் வராது. ஆனால் கூண்டு எதற்காக நிற்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நமக்கு மறந்துபோனது அதுதான்.

நாளைக் காலை ஆய்வு. பெஞ்சுகள் இப்படியே இருந்தால் கையெழுத்து விழும். கூரை ஒழுகாது. கூண்டு விழாது. நம் பிள்ளைகளின் பிள்ளைகள் வந்து கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று, ‘இங்கே ஒரு காலத்தில் ஏழைகளை முன்னால் உட்கார வைத்தார்களாம்’ என்று பலகையைப் படித்துவிட்டுப் போவார்கள். பெஞ்சுகள் திரும்பினால் என்ன ஆகும்? தெரியாது. நான் பொய்யான தைரியம் சொல்ல விரும்பவில்லை. இந்தக் கூரை நமக்கு இல்லாமல் போகலாம். ஒருநாள் இங்கே இயந்திரம் வந்து நிற்கலாம். எனக்குப் பயமாக இருக்கிறது. நான் ஞானஸ்நானம் பெற்றது இங்கேதான், நடக்கப் பழகியது இங்கேதான். இது இடிந்தால் நான் எங்கே போவேன் என்று யோசித்துப் பார்த்தேன். வீட்டுக்குப் போவேன். எனக்கு வீடு இருக்கிறது.

குழுவில் எனக்கும் ஒரு வாக்கு உண்டு. எனக்கு அதை வாங்கிக் கொடுத்ததே ஐயாதான். சின்னப் பெண்ணுக்கு எதற்கு வாக்கு என்று கேட்டபோது, ‘தப்புப் பண்றதுக்கு நம்ம மட்டும் போதுமா?’ என்றாராம். தவறு செய்யவும் அந்த வாக்கைப் பயன்படுத்தியாகிவிட்டது. இப்போது எல்லோர் முன்னிலையிலும் அதை மாற்றிப் போடுகிறேன். கழற்ற வேண்டும் என்கிறேன். நாளை அல்ல. அலுவலர் ஐயா வந்து பார்த்த பிறகு அல்ல. அவரை ஏமாற்றிக் கையெழுத்து வாங்கிவிட்டு அப்புறம் கழற்றலாம் என்று மத்தியானம் ஒருவர் யோசனை சொன்னார். குறும்பு என்றால் எனக்குப் பிடிக்கும், உங்களுக்கே தெரியும். ஆனால் ஐயா யாரையும் ஏமாற்றி ஒரு வழக்கிலும் வென்றதில்லை. தோற்றிருக்கிறார். எதிரே நின்று, சொல்லிவிட்டுத் தோற்றிருக்கிறார்.

தச்சர் மாமாவிடம் மாலையிலேயே கேட்டுவிட்டேன். “ஸ்பேனர் பைலதான் இருக்கு. பாஸ்டர் ஒரு வார்த்த சொல்லட்டும். எங்கையால முடுக்கினேன், எங்கையாலயே கழட்டுறேன்” என்றார்.

எனவே, இந்தக் கூட்டத்தின் தலைவர் அவர்களே! அப்பா! சலுகை கேட்கிறேன் என்று யார் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும். இது உங்கள் ஆலயம். கூண்டு விழுந்தால் உங்கள் காலத்தில் விழுந்தது என்று பேசுவார்கள். அது எனக்குத் தெரியும். நீங்கள் வேண்டாம் என்றால் நான் இறங்கிப் போய் உட்கார்ந்துகொள்கிறேன். வீட்டிலும் உங்களிடம் சண்டை போட மாட்டேன். நீங்கள் சொல்லுங்கள்.

மாமா பையைத் திறக்கலாமா?

...

நன்றி, அப்பா.

பெரியோர்களே, அண்ணன்மார்களே, அக்காமார்களே! மௌன அஞ்சலிக்கு எழுந்து நிற்கும்படி கேட்க எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். எழுந்திருங்கள். மௌனம் வேண்டாம், கை வேண்டும். பெஞ்சுகள் கனமானவை, ஒவ்வொன்றுக்கும் நாலைந்து பேராவது பிடிக்க வேண்டும். பிரசங்க மேடையை நாங்கள் தள்ளிக்கொள்கிறோம். மூட்டை அண்ணன், தூக்கும் வேலை உங்களைப்போல இங்கே யாருக்கும் தெரியாது, எப்படிப் பிடிப்பது என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுங்கள். அலுவலர் ஐயா, மன்னிக்க வேண்டும், நீங்களும்தான். நீங்கள் உட்கார்ந்திருக்கும்வரை அந்தப் போல்ட்டைக் கழற்ற முடியாது.